ஐம்பத்திரண்டில் இருபத்தேழு போனால்

அன்புள்ள ஐயா,
நான் தொடக்கப்பள்ளி ஆசிரியை. ஒரு பாடத்தை எல்லாப் பிள்ளைகளும் முழுசாகப் பிடித்துக்கொண்ட பிறகே அடுத்ததற்குப் போகணும் என்று கணக்குப் பயிற்சியில் சொன்னார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. மந்தமான பிள்ளைகளை வைத்துக்கொண்டு எப்படி முடியும்? அபாகஸ் உதவுமா? நல்ல புத்தகம் ஒன்று சொல்லுங்கள்.
க.

அன்புள்ள க.,

புத்தகத்தைப் பிறகு பார்ப்போம். அபாகஸ் வேண்டாம். 'மந்தமான பிள்ளைகள்' என்று எழுதியிருக்கிறீர்களே, படித்ததும் கோபம் வந்தது. 52இலிருந்து 27ஐக் கழித்து ஒரு பிள்ளை 35 என்று எழுதினால் அது மந்தமா? ஏழில் இரண்டு போனால் ஐந்து, ஐந்தில் இரண்டு போனால் மூன்று. பெரியதிலிருந்து சிறியதைக் கழி என்று நாம்தானே சொன்னோம்? அதுவரை கொடுத்த 58−27, 49−16 எல்லாவற்றிலும் அது சரியாகவே வந்தது. பிள்ளை நம் பேச்சைக் கேட்டிருக்கிறது, அவ்வளவுதான்.

என் பெரியம்மாவும் டீச்சர். ஈர்க்குச்சிகளைப் பத்துப் பத்தாகக் கட்டி வைத்திருப்பார். ஐந்து கட்டும் இரண்டு உதிரியும் கொடுத்துவிட்டு, "ஏழு உதிரி கொடு" என்று கையை நீட்டுவார். பிள்ளை விழிக்கும். பெரியம்மா வாயைத் திறக்கமாட்டார். கடைசியில் அதுவே ஒரு கட்டைப் பிரிக்கும். அப்புறம்தான் கரும்பலகை. சாயங்காலம் பக்கத்து வகுப்பு டீச்சரும் அவரும் நோட்டுகளைத் திண்ணையில் பரப்பிக்கொண்டு, "இவன் ஏன் இப்படிப் போட்டான்?" என்று வாதாடுவார்கள். அதைப் பயிற்சி என்று யாரும் சொன்னதில்லை.

உங்கள் பயிற்சியில் சொன்ன முறை நடக்கும் சீனாவின் ஷாங்காயில் அதுதான் பயிற்சி. தொடக்கப்பள்ளியிலேயே கணக்குக்குத் தனி ஆசிரியர், நாளுக்கு இரண்டு மூன்று பாடவேளைதான். மீதி நேரத்தில் நோட்டுத் திருத்துவார்கள், சக ஆசிரியரின் வகுப்பில் உட்கார்ந்து பார்ப்பார்கள், அந்த ஒரு பாடத்தையே அலசுவார்கள். இங்கிலாந்து 2014 முதல் தன் ஆசிரியர்களை அங்கே அனுப்பிப் பார்க்கவைத்தது. 2016இல் இந்த முறையைப் பாதித் தொடக்கப்பள்ளிகளுக்குக் கொண்டுபோக 4.1 கோடி பவுண்டு அறிவித்தது. நம்மிடம் அந்தப் பணம் இல்லை, ஓய்வு வேளையும் இல்லை. சரி, ஒரு வகுப்பை இரண்டு ஆசிரியர்கள் சேர்ந்து பார்ப்பதற்குப் பணம் எதற்கு?

தலைமையாசிரியரிடம் ஒரே ஒரு பாடவேளை கேளுங்கள். பக்கத்து வகுப்பு ஆசிரியர் பின்னால் உட்காரட்டும். 50−27 கொடுங்கள். என்னென்ன தப்பு வரும் என்று இருவரும் முன்னாடியே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். 37 என்று எழுதுபவனும் 33 என்று எழுதுபவனும் ஒரே தப்பைச் செய்யவில்லை. முதலாமவன் கட்டையே பிரிக்கவில்லை, அவனுக்குக் குச்சி வேண்டும். இரண்டாமவன் பிரித்துவிட்டான், பத்துகளில் ஒன்று குறைந்ததைத்தான் விட்டுவிட்டான். அவனிடம் கழித்தலை மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்காதீர்கள். மிச்சம் எத்தனை கட்டு இருக்கிறது என்று மட்டும் கேளுங்கள்.

அன்புடன்.