இரும்புச்சத்து மாத்திரை எடுத்தும் ஹீமோகுளோபின் ஏறவில்லை

மாத்திரையை மாற்றும் முன், அதை விழுங்கும் நேரத்தை மாற்றிப் பாருங்கள். இரண்டு மாதமாகத் தவறாமல் எடுத்தும் ஹீமோகுளோபின் 9.8-இலிருந்து 10-ஐத் தாண்டவில்லை, மதிய வகுப்பில் கண் சொக்குகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். விடுதியில் காலைப் பொங்கலுக்குப் பின் தேநீரோடு அதை விழுங்குவதாகவும் அதே பதிவில் இருக்கிறது. சிக்கல் பெரும்பாலும் அந்தத் தம்ளரில்தான் இருக்கிறது.

தேநீரிலும் காபியிலும் உள்ள பாலிஃபீனால்கள் குடலில் இரும்போடு பிணைந்து, அது இரத்தத்தில் சேராதபடி தடுக்கின்றன; பாலிலுள்ள கால்சியமும் ஓரளவு அதையே செய்கிறது. மருந்துச் சீட்டில் ‘உணவுக்குப் பின்’ என்று மட்டும் இருந்தால் இது யாருக்கும் தோன்றாது.

1. காலையில் எழுந்ததும், வெறும் வயிற்றில், தண்ணீரோடோ எலுமிச்சைச் சாற்றோடோ எடுங்கள். குமட்டினால் மட்டும் சிறிது உணவுக்குப் பிறகு எடுக்கலாம்.

2. தேநீரை ஒரு மணி நேரமாவது தள்ளிப் போடுங்கள்.

3. நான்கு வாரம் கழித்து மறுபடி இரத்தப் பரிசோதனை செய்யுங்கள். ஹீமோகுளோபின் ஒரு கிராமளவாவது ஏறியிருக்க வேண்டும். இல்லையென்றால் உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின், வைட்டமின் பி12 இரண்டையும் பார்க்கும்படி மருத்துவரிடம் கேளுங்கள்.

மலம் கருமையாவது மாத்திரையின் இயல்பான விளைவு. ஆனால் அது தார்போல் ஒட்டினாலோ, மாதவிடாயில் இரத்தப்போக்கு மிகுதியாக இருந்தாலோ, படியேறும்போது மூச்சு வாங்கினாலோ, நான்கு வாரம் காத்திருக்காமல் உடனே மருத்துவரைப் பாருங்கள்.