லண்டன் ஃபிளாட்டில் தேசிக்கன்று வருமா?

தங்கச்சி, கொழும்பு கொட்டாஞ்சேனை வீட்டு வளவில் நின்ற தேசிமரம் (எலுமிச்சை) மாதிரி ஒன்றை லண்டன் ஃபிளாட்டில் விதை போட்டு வளர்க்கலாமா, இல்லாவிட்டால் அம்மா வரும்போது கன்று கொண்டுவரச் சொல்லவா என்று கேட்டிருக்கிறீர்கள். கன்று வேண்டாம். இலங்கையிலிருந்து தேசி, தோடை வகைக் கன்றுகளை பிரிட்டனுக்குள் கொண்டுவரத் தடை. விதை போடுங்கள், நல்லாய் முளைக்கும்.

சூப்பர்மார்க்கெட்டில் விற்கும் பெரிய பச்சைத் தேசிக்காயில் அநேகமாக விதையே இருக்காது. தமிழ்க் கடையில் எங்கட ஊர்ச் சின்னத் தேசிக்காய், மஞ்சளாகப் பழுத்ததாகப் பார்த்து வாங்குங்கள். விதையைக் காயவிடக் கூடாது. பிழிந்த அன்றே கழுவி, அரை அங்குல ஆழத்தில் ஊன்றி, சாடியைப் பொலித்தீன் பையால் மூடி, 25 பாகை அளவு சூடுள்ள இடத்தில் வையுங்கள். மூன்று நாலு கிழமையில் முளை தெரியும். ஒரு விதையில் இரண்டு மூன்று முளை வந்தால் யோசிக்க வேண்டாம், தேசிக்கு அது வழமை. அவற்றில் அநேகமானவை தாய்மரத்தைப் போலவே வரும். ஜம்போலா (பம்பளிமாசு) விதையை அப்படி நம்ப முடியாது.

முதல் குளிர்காலம்தான் சோதனை. கொழும்பில் வருடம் முழுக்கப் பகல் ஏறத்தாழ 12 மணித்தியாலம். இங்கே டிசம்பரில் எட்டுக்கூட இல்லை. 13 பாகைக்குக் கீழே கன்று வளராது. குளிர்ந்த யன்னலோரத்தில் சாடி இருக்க, இலையில் வெயில் பட்டால், இலை கேட்கிற தண்ணீரை வேரால் கொடுக்க ஏலாது. மளமளவென்று இலை கொட்டும். பட்டுப்போச்சு என்று பதறித் தண்ணீரை ஊற்றுவார்கள். வேர் அழுகுவது அதில்தான். தண்டை நகத்தால் மெல்லச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. சாடியை ஒரு பலகைத் துண்டின் மேல் வைத்து, மேல்மண் காய்ந்த பிறகு மட்டும் கொஞ்சம் தண்ணீர் விடுங்கள். ஹீற்றருக்குப் பக்கத்தில் வேண்டவே வேண்டாம்.

லண்டன் குழாய்த் தண்ணீரில் சுண்ணாம்பு கூட. நரம்பு பச்சையாக இருக்க இலை மஞ்சளித்தால் பெரும்பாலும் அதுதான் காரணம். மழைத்தண்ணீர் பிடித்து ஊற்றுங்கள். மே கடைசியில் வெளியே வையுங்கள், முதலில் நிழலில். செப்டெம்பர் கடைசியில் உள்ளே எடுத்துவிடுங்கள்.

காய்க்க ஊரிலேயே நாலைந்து வருடம் எடுக்கும், இங்கே அதைவிடக் கூட. காய்தான் முக்கியம் என்றால் இங்குள்ள நேர்சரியில் ஒட்டுக்கன்று ஒன்றும் வாங்குங்கள். ஆனால் விதைக்கன்றைக் கைவிடாதீர்கள். கன்று கொஞ்சம் தழைத்ததும், முள்ளைப் பார்த்து, மோருக்கு இரண்டு இலை கிள்ளிக்கொள்ளலாம்.