பாரிஸிலிருந்து ஒரே நாளில் ஷாம்பெயின் நிலவறைகளைப் பார்க்க ரெய்ம்ஸ் நல்லதா, எபெர்னே நல்லதா?

ஒரே நாள்தான் என்றால் ரெய்ம்ஸ். அங்கேயும் நான்கைந்து ஷாம்பெயின் நிறுவனங்களுக்கு அலைய வேண்டாம். சுண்ணாம்புக் குழிகள் உள்ள ஒரு நிலவறையை மட்டும் நிதானமாகப் பாருங்கள். பாரிஸின் கார் து லெஸ்ட் நிலையத்தில் அதிவேக ரயில் ஏறினால் முக்கால் மணி நேரம்தான்.

பொம்மரி, ருய்னார், வவ் கிளிக்கோ போன்ற நிறுவனங்களுக்கு அடியில் இருக்கும் இந்தக் குழிகள் மதுவுக்காகத் தோண்டியவை அல்ல. பழங்காலத்தில் கட்டடக் கல்லுக்காக வெட்டியவை. மழையும் உறைபனியும் அந்த மென்மையான கல்லைக் கெடுத்துவிடும் என்பதால் வாயைக் குறுகலாக விட்டு, கீழே போகப் போக அகலமாக வெட்டியிருக்கிறார்கள். அடியில் நின்று அண்ணாந்து பார்த்தால்தான் அந்த உழைப்பு புரியும். பொம்மரியில் 116 படிகள். முழங்கால் வலி உள்ளவர்கள் யோசித்துக்கொள்ளுங்கள்.

கோடையோ குளிர்காலமோ, கீழே ஏறக்குறைய 10 டிகிரிதான். ஷாம்பெயினில் குமிழ் வருவது மூடிய பாட்டிலுக்குள் நடக்கும் இரண்டாவது நொதித்தலால். அது அவசரமில்லாமல் நடக்க இந்தக் குளிர் வேண்டும். அறுவடை ஆண்டு குறிப்பிடாத சாதாரண ஷாம்பெயின்கூட 15 மாதமாவது பாட்டிலில் இருந்த பிறகே விற்பனைக்கு வரலாம் என்பது விதி. சாய்வான மரப்பலகைகளில் பாட்டில்கள் தலைகீழாகச் செருகியிருப்பதையும் கவனியுங்கள். கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பித் திருப்பி, நொதித்தலில் மிஞ்சும் வண்டலைக் கழுத்துக்குக் கொண்டுவருவார்கள். பிறகு கழுத்தை உறையவைத்து மூடியைத் திறந்தால், உள்ளே இருக்கும் அழுத்தமே வண்டலை வெளியே தள்ளிவிடும். இப்போது திருப்பும் வேலையைப் பெரும்பாலும் இயந்திரங்கள் செய்கின்றன.

என்னைப் பொறுத்தவரை இதைவிடப் பெரிய விஷயம் முதல் உலகப் போர். ஊர் மேல் ஆண்டுக்கணக்கில் பீரங்கிக் குண்டுகள் விழுந்தபோது மக்கள் இந்த நிலவறைகளில்தான் குடியிருந்தார்கள். பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம்கூட இங்கே நடந்தது. வழிகாட்டி இதைச் சொல்லாமல் நகர்ந்தால் நீங்களே கேளுங்கள்.

எபெர்னே மோசமில்லை. மோயே நிறுவனத்தின் சுரங்கங்கள் மட்டுமே 28 கிலோமீட்டர் நீளம். ஆனால் அவை மதுவுக்கென்றே தோண்டிய நீளமான பாதைகள். ரெய்ம்ஸ் குழிகளின் உயரமும் பழமையும் அங்கே கிடைக்காது. இரண்டாவது நாள் கிடைத்தால் எபெர்னே போய், பக்கத்தில் ஓவில்லேர் கிராமத்துத் தேவாலயத்தில் தோம் பெரிஞ்ஞோன் என்ற பழைய காலத் துறவியின் கல்லறையையும் பாருங்கள். குமிழைக் கண்டுபிடித்தவர் அவர் என்பது வெறும் கதை; அவர் காலத்தில் குமிழைக் குறையாகத்தான் நினைத்தார்கள்.

சரி, நிலவறைச் சுற்றுக்கு இணையத்தில் முன்பதிவு செய்துவிட்டுக் கிளம்புங்கள். ஆகஸ்ட் மாதமானாலும் ஒரு ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள்.