மால்ட் பானம் துவர்க்கிறதா?

தக்கலை நண்பரே, ஈஸ்ட் சேர்க்காத பார்லி மால்ட் (முளைகட்டி உலர்த்திய பார்லி) பானம் துவர்க்கிறது, சாறும் வடிய மாட்டேன் என்கிறது என்று கேட்டிருந்தீர்கள். ஊறிய மால்ட்டிலிருந்து சாறு வடிக்கும்போது, கொதிக்கிற தண்ணீரை அதன்மேல் மொத்தமாகக் கொட்டியதுதான் வினை. தண்ணீர் 77 டிகிரி செல்சியஸ் தாண்டினால் பார்லித் தோலிலுள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருள் அதிகமாக இறங்கும். தண்ணீரை 75-ல் வைத்து, அகப்பையால் கோரிக் கோரி மெதுவாக ஊற்றுங்கள். முதலில் கலங்கலாக வருவதைத் திரும்பத் தானியத்தின் மேலேயே விடுங்கள்; தெளிந்ததும் பிடிக்கலாம்.

அடைப்புக்குக் காரணம் மில்லில் மாவாக அரைத்தது. அடுத்த முறை குருணையாக உடைக்கச் சொல்லுங்கள் (மிளகாய் அரைத்த கையோடு போட்டுவிடப் போகிறார்கள், பார்த்து!). மீதி மாவை வீணாக்க வேண்டாம். கிலோவுக்கு 50 முதல் 100 கிராம் நெல் உமியைக் கழுவிக் கலந்தால் வடியும். நாஞ்சில் நாட்டில் உமிக்கா பஞ்சம்? அப்புறம், சாற்றில் இனிப்பு போனதும் ஊற்றுவதை நிறுத்திவிடுங்கள்.