ரீடிங் பிரபு: கப்பல் பையன் வைஸ்ராய் ஆன கதை (கேள்வி பதில்)

கேள்வி: சார், வைஸ்ராய்களில் இர்வின், வில்லிங்டன் எல்லாம் தெரியும். ரீடிங் பிரபு யார்?

பதில்: சொந்தப் பெயர் ரூஃபஸ் ஐசக்ஸ். 1860இல் லண்டனில் பிறந்த யூதர். அப்பா பழ வியாபாரி. 1921 முதல் 1926 வரை இங்கே வைஸ்ராய். பட்டத்தில் உள்ள ரீடிங் இங்கிலாந்தில் ஓர் ஊர். அந்த ஊர்ப் பெயரை இங்கிலாந்துக்காரர்கள் 'ரெடிங்' என்பார்கள். நமக்குப் பழகிய 'ரீடிங்'கே இருக்கட்டும்.

கேள்வி: கப்பலில் எடுபிடியாகக் கல்கத்தா வந்தவராமே, கட்டுக்கதையா?

பதில்: நிஜம்தான். பையன் அடங்கவில்லை என்று பதினாறு வயதில் கப்பலில் சேர்த்துவிட்டார்கள். ரியோ டி ஜெனிரோவில் தப்பி ஓடிப் பிடிபட்டார். பிறகு கப்பல் போன இடம் கல்கத்தா. ஊர் திரும்பிப் பங்குச்சந்தையில் இறங்கி, 1884இல் கடனை அடைக்க முடியாமல் வெளியேற்றப்பட்டார். அதற்குப் பிறகுதான் சட்டம், 1887இல் வக்கீல்.

கேள்வி: வக்கீலாகப் பெரிய கையா?

பதில்: கணக்கு வழக்கில் புலி. 1904இல் விட்டேக்கர் ரைட் என்ற நிதி முதலாளி மீதான மோசடி வழக்கில் எதிராளியின் கணக்குப் புத்தகங்களைப் பிரித்து மேய்ந்தார். சந்தையில் சூடுபட்டவருக்குத் தெரியாத தில்லுமுல்லா! அதே ஆண்டு லிபரல் கட்சி எம்.பி.; 1910இல் அட்டர்னி ஜெனரல், அதாவது அரசின் தலைமை வக்கீல்.

கேள்வி: மார்க்கோனி விவகாரத்தில் அவர் குற்றவாளியா இல்லையா? நேராகச் சொல்லுங்கள்.

பதில்: லஞ்சம் வாங்கவில்லை. ஆனால் யோக்கியமாகவும் நடக்கவில்லை. தம்பி காட்ஃப்ரி, பிரிட்டிஷ் மார்க்கோனி கம்பெனியின் நிர்வாக இயக்குநர். அந்தக் கம்பெனிக்கு அரசின் கம்பியில்லாத் தந்தி ஒப்பந்தம் கிடைக்கவிருந்தது. 1912 ஏப்ரலில், டைட்டானிக் மூழ்கி இரண்டே நாளில், இவர் இன்னொரு சகோதரர் ஹாரியிடமிருந்து அமெரிக்க மார்க்கோனியின் 10,000 பங்குகளை வாங்கினார். நிதியமைச்சர் லாயிட் ஜார்ஜுக்கும் 1,000 போனது. அக்டோபரில் நாடாளுமன்றத்தில் எழுந்து, "அந்தக் கம்பெனி"யின் பங்கில் கைவைக்கவே இல்லை என்றார். பேச்சு பிரிட்டிஷ் கம்பெனியைப் பற்றியது. ஆகவே எழுத்துக்கு எழுத்து உண்மை! அமெரிக்கப் பங்குகளைப் பற்றி மூச்சே விடவில்லை. அடுத்த ஆண்டு ஒரு பிரெஞ்சுப் பத்திரிகை மீது இவரே போட்ட அவதூறு வழக்கில்தான் விஷயம் வெளியே வந்தது. அதில் இவர் தரப்பில் வாதாடியவர்கள் எதிர்க்கட்சிக்காரர்களான கார்சனும் ஸ்மித்தும். நாடாளுமன்ற விசாரணைக் குழுவில் ஆளுங்கட்சியினர் இவரைக் காப்பாற்றினார்கள். வாங்கிய பங்கில் கடைசியில் நஷ்டம் வேறு.

கேள்வி: அதற்குத் தண்டனை?

பதில்: தண்டனையா? 1913 அக்டோபரில் இங்கிலாந்தின் தலைமை நீதிபதி பதவி!

கேள்வி: காந்தியைச் சிறையில் போட்டவர் இவர்தானே?

பதில்: ஆமாம், ஆனால் அவசரப்படவில்லை. 1921 மே மாதம் சிம்லாவில் அவரோடு பல தடவை உட்கார்ந்து பேசினார். ரௌலட் சட்டம் ரத்தானதும் இவர் காலத்தில்தான். 1922 மார்ச்சில்தான் கைது, ஆறாண்டுத் தண்டனை. நான் அதைவிட மன்னிக்காதது 1923 உப்பு வரி. ஒன்றேகால் ரூபாயை இரண்டரை ரூபாயாக்கும் மசோதாவைச் சட்டசபை தள்ளுபடி செய்தது. இவர் தனி அதிகாரத்தைக் காட்டிச் சட்டமாக்கினார். மறு வருஷமே பழைய அளவுக்குக் குறைக்க வேண்டி வந்தது. சட்டம் இடம் கொடுக்கிறதா என்று மட்டும் பார்க்கும் வக்கீல் புத்தி.

கேள்வி: பெஷாவர் லேடி ரீடிங் ஆஸ்பத்திரி இவர் மனைவி பெயரா?

பதில்: ஆமாம், முதல் மனைவி ஆலிஸ். அவர் 1930இல் காலமானார். மறு வருஷம் ஸ்டெல்லாவை மணந்தார். அதே 1931இல் சில மாதம் வெளியுறவு அமைச்சர். 1938இல் பிரிட்டனில் பெண்கள் தொண்டர் படையைத் தொடங்கிய லேடி ரீடிங் இந்த ஸ்டெல்லா. இரண்டு பேரையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.