பாலைவனப் பந்தயத்தை எங்கே நின்று பார்ப்பது?

கேள்வி: தெற்குக் கலிஃபோர்னியாவில் வசிக்கிறோம். வரும் பிப்ரவரியில் ஜான்சன் பள்ளத்தாக்கில் நடக்கும் 'கிங் ஆஃப் த ஹேமர்ஸ்' வாகனப் பந்தயத்தைப் பார்க்க இரண்டு குடும்பங்களாகப் போகிறோம். ஏழு வயதிலும் பத்து வயதிலும் குழந்தைகள் உடன் வருகிறார்கள். பாதைக்கு எவ்வளவு அருகில் நிற்கலாம்? இரவிலும் இருந்து பார்க்கலாமா? கண்ணெதிரே விபத்து நேர்ந்தால் என்ன செய்ய வேண்டும்? வாடகை எஸ்.யூ.வி.யில் போகலாமா?

பதில்: குழந்தைகளுடன் தாராளமாகப் போகலாம். ஆனால் ஸ்டேடியத்தில் கார் பந்தயம் பார்த்த பழக்கத்தோடு அங்கே போய் நிற்கக் கூடாது. ஸ்டேடியத்தில் வண்டிக்கும் பார்வையாளருக்கும் நடுவே கான்கிரீட் சுவரும் கம்பி வலையும் இருக்கும். பாலைவனத்திலோ பல மைல் நீளும் பாதையின் பெரும்பகுதியில் ஒரு கயிறுகூடக் கட்டியிருக்காது. ஆகவே எங்கே நிற்பது என்று நீங்கள் எடுக்கும் முடிவுதான் உங்களுக்கு வேலி.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம், நீங்கள் போகும் அதே ஜான்சன் பள்ளத்தாக்கில் 2010 ஆகஸ்ட் 14 அன்று நடந்த துயரம். கலிஃபோர்னியா 200 என்ற இரவுப் பந்தயத்தில், 'ராக்பைல்' என்று அழைக்கப்படும் மேட்டைத் தாண்டி எழும்பிய ஒரு டிரக், தரையில் இறங்கியதும் கட்டுப்பாட்டை இழந்து, பாதையோரம் கூடியிருந்தவர்கள் மீது புரண்டது. எட்டுப் பேர் இறந்தார்கள், பலர் காயமடைந்தார்கள். வண்டிகள் எழும்பிக் குதிப்பதை நெருக்கத்தில் பார்ப்பதற்காகவே மக்கள் அந்த இடத்தில், பாதையிலிருந்து சில அடி தூரத்தில் நின்றிருந்தார்கள். அந்த நிலத்தை நிர்வகிக்கும் அமெரிக்கக் கூட்டரசின் நில மேலாண்மைப் பணியகம், பந்தயத்துக்கு அனுமதி வழங்கியதில் தன் நடைமுறைகளையே தான் சரிவரப் பின்பற்றவில்லை என்று பிறகு நடத்திய ஆய்வில் ஒப்புக்கொண்டது. அதன்பின் விதிகள் இறுகின. இருந்தாலும் ஒவ்வொரு பார்வையாளருக்கும் ஒரு காவலரை நிறுத்த எந்த அமைப்பாலும் முடியாது.

இடைவெளியைப் பொறுத்தவரை, பாதையிலிருந்து 100 அடி, அதாவது 30 மீட்டர் தள்ளி நிற்குமாறு பந்தய அமைப்பாளர்கள் பொதுவாகக் கேட்டுக்கொள்கிறார்கள். இது குறைந்தபட்சம் மட்டுமே. மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி நொடிக்கு ஏறத்தாழ 28 மீட்டர் கடக்கிறது. அப்படியானால் 30 மீட்டர் என்பது ஒரு நொடிக்குச் சற்று அதிகமான அவகாசம். வண்டி தடம் மாறுகிறது என்பது மூளைக்கு எட்டுவதற்கே அந்த நேரம் போய்விடும், ஓடுவதற்கு எதுவும் மிஞ்சாது. திறந்த பாலைவனத்தில் இந்த வண்டிகள் இதைவிட அதிக வேகத்தில் வருகின்றன. டிரோஃபி டிரக் எனப்படும் பெரிய பாலைவனப் பந்தய வண்டிகள் இரண்டரை டன்னுக்கும் மேல் எடையுள்ளவை. எனவே குழந்தைகள் உடனிருக்கும்போது 30 மீட்டரை 60 ஆக்கிக்கொள்ளுங்கள்; காட்சி எதுவும் குறைந்துவிடாது.

தூரத்தைவிட முக்கியமானது நிற்கும் இடம். வளைவின் வெளிப்புறத்தில் ஒருபோதும் நிற்காதீர்கள், ஏனென்றால் டயர் வெடித்தாலோ, பிரேக் பிடிக்காமல் போனாலோ, ஸ்டியரிங் உடைந்தாலோ வண்டி வளையாமல் நேராக அங்கேதான் வரும். மேட்டைத் தாண்டிய பிறகு வண்டி இறங்கும் பகுதியும் அதேபோல் ஆபத்தானது. மேலே எழும்பிய வண்டியை ஓட்டுநரால் திருப்பவோ நிறுத்தவோ முடியாது. இறங்கும்போது அமுங்கிய சஸ்பென்ஷன் (சக்கரங்களின் அதிர்வைத் தாங்கும் அமைப்பு) எம்பித் தள்ளும் வேகத்தில் பின்பக்கம் எந்தத் திசைக்கு வீசப்படும் என்பதும் அவர் கையில் இல்லை. படம் எடுக்க வருபவர்கள் கூடுவதோ பெரும்பாலும் இந்த இரண்டு இடங்களில்தான். ஐம்பது பேர் அங்கே நிற்பதைப் பார்த்து, அது பாதுகாப்பான இடம் என்று முடிவு செய்துவிடாதீர்கள். வளைவுக்கு முன்பாக, பாதையைவிட உயரமான பாறைத் திட்டில், வண்டி வரும் திசையை நோக்கி நிற்பதே நல்லது. வண்டிகள் இடைவெளி விட்டு அனுப்பப்படுகின்றன, வேகம் குறைந்தவை மணிக்கணக்கில் பின்தங்கி வருகின்றன. எனவே ஒன்று போய்விட்டது என்று நம்பிப் பாதையைக் குறுக்கே கடக்கக் கூடாது. முன்னே போன வண்டி கிளப்பிய புழுதிக்குள் அடுத்த ஓட்டுநருக்கு நீங்கள் தெரியவே மாட்டீர்கள்.

ஹேமர்ஸ் பந்தயத்தின் தனித்தன்மை, வேகமான பாலைவனச் சுற்றோடு பாறைப் பள்ளங்களில் ஊர்ந்து ஏறும் பகுதிகளும் அதில் இருப்பதுதான். சாக்லேட் தண்டர், பேக்டோர் போன்ற பாறை இடுக்குகளில் வண்டி நடை வேகத்தில்தான் நகரும், அதனால் மக்கள் அச்சமின்றி நெருங்குகிறார்கள். அங்கே ஆபத்து வேறு வகையானது. செங்குத்துப் பாறையில் ஏறும் வண்டி பின்னோக்கிச் சரியலாம், பக்கவாட்டில் புரளலாம், சக்கரத்தடியிலிருந்து தலையளவு கல் தெறித்து உருளலாம். ஏறும் வண்டிக்குக் கீழே எவரும் நிற்கக் கூடாது. வண்டி சிக்கிக்கொண்டதும் ஓட்டுநரின் துணையாள் இறங்கி, முன்னாலுள்ள பாறையில் விஞ்ச் (வண்டியிலுள்ள இழுவை உருளை) கயிற்றை மாட்டி இழுக்கத் தொடங்குவார். கயிறு விறைத்துக்கொண்டதும், அது அறுந்து சுழன்றால் எட்டக்கூடிய தூரத்துக்கு அப்பால் போய்விடுங்கள். எவ்வளவு நீளம் கயிறு வெளியே இருக்கிறதோ அதைவிட அதிகத் தூரம் என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். கயிற்றின் நேர்கோட்டில் நிற்பதும் அதைத் தாண்டிச் செல்வதும் கூடவே கூடாது. உதவி செய்கிறேன் என்று வண்டியைத் தொடாதீர்கள். அது உங்களுக்கும் ஆபத்து, விதிகளின்படி போட்டியாளருக்கும் பாதிப்பாகலாம்.

இரவைப் பற்றி என் கருத்து சற்றுக் கடுமையானது: ஏழு வயதுக் குழந்தையை இருட்டிய பிறகு பாறை இடுக்குகளுக்கு அழைத்துச் செல்லாதீர்கள். கூட்டம் நெருக்கும், மது அருந்தியவர்கள் இருப்பார்கள், காலடிப் பாறை தெரியாது. ஹேமர்டவுன் என்னும் முகாம் நகரில் திரையில் பார்க்கலாம். ஆனால் முகாமிலும் கவனம் வேண்டும். பந்தய வண்டிகளைவிட, முகாமுக்குள் புழுதி கிளப்பித் திரியும் சிறிய வண்டிகள்தான் குழந்தைகளுக்கு அன்றாட ஆபத்து. இருட்டியதும் ஒவ்வொரு குழந்தைக்கும் நெற்றி விளக்கு மாட்டிவிடுங்கள், பகலிலோ காதுக்கு ஒலித்தடுப்பான் கட்டாயம். பிப்ரவரி இரவில் அங்கே குளிர் உறைநிலையை ஒட்டி இறங்கலாம் என்பதால் கம்பளி ஆடை கொண்டுபோக மறக்க வேண்டாம்.

விபத்து நேர்ந்தால் முதலில் பாதைக்குள் ஓடாதீர்கள். பின்னால் வரும் வண்டி உங்களையும் மோதிவிடும். துணிச்சலான பெரியவர் ஒருவர், பாதைக்கு வெளியிலேயே, வண்டிகள் வரும் திசையில் நூறு இருநூறு மீட்டர் நடந்து போய், கைகளை உயர்த்தி அசைத்து வரும் ஓட்டுநர்களை எச்சரிக்க வேண்டும். மற்றொருவர் அருகிலுள்ள பந்தயப் பணியாளரிடம், இடத்தின் பெயரையோ மைல் குறியீட்டையோ சொல்லித் தகவல் கொடுக்க வேண்டும். கைபேசி சிக்னல் கிடைக்காமல் போகலாம் என்பதால், பணியாளர் எங்கே நிற்கிறார் என்பதை முன்கூட்டியே பார்த்துவைப்பது நல்லது. கவிழ்ந்த வண்டிக்குள் ஓட்டுநர் பெல்ட்டில் தொங்கிக்கொண்டிருந்தால், தீப்பிடிக்காத வரை அவரை இழுக்காதீர்கள். கழுத்தில் அடிபட்டிருந்தால் அந்த இழுப்பே அவரை முடமாக்கிவிடும். ஹெலிகாப்டர் இறங்க இடம் விடுங்கள். டிரோன் பறக்கவிட வேண்டாம், பந்தயத்தைப் பின்தொடரும் ஹெலிகாப்டர்கள் மிகத் தாழ்வாகப் பறக்கின்றன.

மெக்சிகோவில் 1967 முதல் நடந்துவரும் பஹா 1000 பந்தயத்தில் பார்வையாளர் சிலர், வண்டிகள் எம்பிக் குதிப்பதைப் பார்க்கப் பாதையில் குழி தோண்டியும் மண் குவித்தும் வைக்கும் வழக்கம் உண்டு. இரு சக்கர வண்டியில் வரும் போட்டியாளருக்கு அது உயிராபத்து. வழிகாட்டிப் பலகையை நகர்த்துவதும், விளையாட்டாக ஒரு கல்லை உருட்டிவிடுவதும்கூட அதே குற்றம்தான். இதைக் குழந்தைகளுக்கு முதலிலேயே விளக்கிச் சொல்லுங்கள்.

நிலத்தைப் பற்றியும் இரண்டு சொற்கள். மொஹாவி பாலைவன ஆமை 1990 முதல் அழியும் அச்சுறுத்தலுக்கு உள்ளான இனமாகச் சட்டப் பாதுகாப்பில் இருக்கிறது. குளிர்காலத்தில் அது வளைக்குள் கிடக்கும், ஆகவே புதரடிகளில் வண்டியை ஏற்றாமல் ஏற்கெனவே உள்ள தடத்திலேயே செல்லுங்கள். பள்ளத்தாக்கின் ஒரு பகுதி கடற்படைக் காலாட்படையின் பயிற்சிக்கும் பயன்படுவதால், தரையில் கிடக்கும் எந்த உலோகப் பொருளையும் குழந்தைகள் எடுக்க விடாதீர்கள்.

வாடகை வண்டி விஷயத்தில் ஒப்பந்தத்தைப் படித்துப் பாருங்கள். பெரும்பாலான நிறுவனங்கள் தார்ச் சாலையை விட்டு இறங்குவதைத் தடை செய்கின்றன. மீறினால் காப்பீடு கிடைக்காமல் போகக்கூடும். 247-ஆம் நெடுஞ்சாலையிலிருந்து, ஹேமர்டவுன் அமையும் மீன்ஸ் வறண்ட ஏரிக்குப் போகும் வழி மண் சாலை, மழை பெய்தால் ஏரிப்படுகை சேறாகி வண்டியை விழுங்கும். சொந்தமாக உயரமான வண்டி வைத்திருக்கும் நண்பர் குடும்பம் இருந்தால் அதிலேயே போங்கள். ஆளுக்கு நாளொன்றுக்கு நான்கு லிட்டர் தண்ணீரும், காற்றடைத்த மாற்று டயரும், பெட்ரோல் நிறைந்த டேங்கும் இருக்கிறதா என்று கிளம்பும் முன் பார்த்துக்கொள்ளுங்கள்.