அப்பாவுக்கு நடை, பிள்ளைக்கு டியூஷனா?

கேள்வி: என் மகனுக்கு 12 வயது. ஏழாம் வகுப்பு. போன வருடம் வரை எல்லாப் பாடத்திலும் 85க்குக் குறையாது. இந்த வருடம் 70க்கு இறங்கியதும் சாயங்காலக் கால்பந்தை நிறுத்தினோம். காலாண்டில் 60 ஆகிவிட்டது. படித்தது பத்து நிமிடத்தில் மறந்துபோகிறது என்கிறான். காலை ஐந்தரைக்கு டியூஷன். சர்க்கரைக்காக நடக்கப் போகும் என் கணவரே வழியில் அவனை இறக்கிவிட்டு, திரும்பும்போது கூட்டி வருகிறார். இரவு பதினொரு மணி வரை நான் படிக்க வைக்கிறேன். ஞாபகசக்திக்கு நல்ல டானிக் சொல்லுங்கள்.
- ஒரு தாய், நாமக்கல்

பதில்: டானிக் பெயர் எதுவும் எழுதப்போவதில்லை.

கணவர் வழியில் இறக்கிவிடுகிறார் என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்குக் கோபம் வந்ததே அங்கேதான். டாக்டர் சொன்னதும் அப்பா மைதானத்துக்குப் போகிறார். அந்த மைதானத்தில் ஓட வேண்டிய வயதுப் பையன் டியூப்லைட் வெளிச்சத்தில் கொட்டாவி விட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். நடந்துவிட்டு வந்த நாளில் தலை தெளிவாக இருக்கிறதா இல்லையா என்று உங்கள் வீட்டுக்காரரையே கேளுங்கள். தனக்குத் தெரிந்த நல்லதைப் பிள்ளைக்குக் கொடுக்காமல் கேட்டுக்கு வெளியே இறக்கிவிட்டுப் போவது என்ன தகப்பன்தனம்?

கால்பந்தை நிறுத்தியபின் மதிப்பெண் ஏறவில்லை, இறங்கியிருக்கிறது. நீங்களே எழுதிய கணக்குதான், படித்துப் பார்த்தீர்களா?

அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் 2009இல் ஒரு சோதனை செய்தார்கள். ஒன்பது, பத்து வயதுப் பிள்ளைகளை டிரெட்மில்லில் 20 நிமிடம் நடக்கவிட்டு, அப்புறம் பரீட்சை வைத்தார்கள். சும்மா உட்கார்ந்திருந்த நாளைவிடக் கவனம் கூடியிருந்தது, வாசித்ததைப் புரிந்துகொள்வதும் கூடியிருந்தது. அதே பல்கலைக்கழகத்தார் 2014இல் வெளியிட்ட ஆய்வில் 221 பிள்ளைகள். ஒன்பது மாதம் பள்ளி விட்டதும் ஓடியாட விட்டவர்களுக்கு, கவனத்தைக் கலைப்பதை ஒதுக்கித்தள்ளும் திறன் மற்றவர்களைவிட நன்றாக வளர்ந்திருந்தது. ஓடினால் நூற்றுக்கு நூறு வந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் விளையாட்டு கவனத்தைச் சிதறடிக்கிறது என்று நீங்கள் நம்புகிறீர்களே, நடப்பது நேர்மாறு.

தூக்கத்தையும் பாருங்கள். பதினொன்றுக்குப் படுத்து ஐந்துக்கு எழுந்தால் ஆறு மணி நேரம். அந்த வயதுக்கு ஒன்பது மணி நேரமாவது வேண்டும். படித்தது மனதில் பதிவதே தூக்கத்தில்தான். நீங்கள் ஊட்டுவதை நீங்களே பிடுங்கிக்கொள்கிறீர்கள், அம்மா.

காலை டியூஷனை நிறுத்துங்கள். ஒன்பதரைக்குள் விளக்கை அணையுங்கள். பள்ளிக்கூட வயதில் தினம் ஒரு மணி நேரம் உடம்பு வேலை செய்ய வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. அந்த ஒரு மணி நேரத்தைச் சாயங்காலக் கால்பந்துக்கே திருப்பிக் கொடுங்கள். அதற்காக ஃபீஸ் கட்டி ஒரு அகாடமியில் சேர்த்து அதையும் இன்னொரு டியூஷன் ஆக்கிவிடாதீர்கள். தெருப் பையன்களோடு ஆடி வேர்த்து வரட்டும், போதும். ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பாவும் மகனும் சேர்ந்து மைதானத்துக்குப் போகட்டும். மார்க் பேச்சு அங்கே கூடாது.

இரண்டு மாதம் கழித்தும் மறதி அப்படியே இருந்தால் கண்ணைப் பரிசோதித்து, குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். அதற்குள் டியூஷன் சார் போன் செய்வார். நீங்கள் எடுக்காதீர்கள், வீட்டுக்காரரே பேசட்டும்.